எல்லை வரை போகிற வண்டிக்குப் புது அச்சு

அமெரிக்காவில் ஹூஸ்டன் பக்கம் பேர்லேண்டில் நாங்கள் குடியிருப்பது வாடகை வீடு. அந்த வீட்டு வாசலில் நிறுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டதால், எங்களுடைய இன்னொரு வீட்டை ஊருக்கு வெளியே ஒரு வேலிக்குள் நிறுத்தி, அது நிற்பதற்கும் வாடகை கொடுக்கிறோம். இதைச் சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். "வீடுங்கறீங்க, அப்புறம் அதுக்கு எதுக்கு மாமா நம்பர் பிளேட்டு?" என்று என் மச்சினன் போனில் கேட்டான். சக்கரம் வைத்த வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு, எஞ்சின் மட்டும் கிடையாது. பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். இங்கே டிராவல் டிரெய்லர் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு 'வண்டி' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள மீனாட்சி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் அந்த வேலிக் கதவில் எண்ணை அழுத்தி உள்ளே போவேன். வரிசை வரிசையாக ஆளில்லாத வீடுகள் நிற்கும். எங்களுடையதைத் தேடிப் பிடித்து, கதவைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விட்டுவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு வருவேன். இத்தனை வீடுகள் ஒரே இடத்தில் மூச்சுக் காட்டாமல் நிற்பதைப் பார்க்க இன்னமும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகளே, தமிழ்ப் பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று உங்கள் டீச்சர் கேட்டபோது, எனக்கு இந்த வண்டியைத் தவிர வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. நான் பெரிய படிப்பாளி இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு, சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை செய்தேன். பிறகு லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்தேன். உங்கள் சுமதி ஆன்ட்டி, என் மனைவி, எனக்கு மாமன் மகள். அவர்தான் எம்சிஏ படித்தவர், கம்ப்யூட்டர் வேலைக்காரர். அவர் வேலையின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் இந்த நாட்டுக்கு வந்தேன். இப்போது ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். நீங்கள் தமிழைப் படித்துப் புரிந்துகொண்டு இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியும், என் வீட்டிலும் இரண்டு பேர் அப்படித்தான். அதனால் என்னால் முடிந்தவரை எளிதாகவே எழுதுகிறேன்.

அந்த இரண்டு பேரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பெரியவள் தாரணி ஈரோட்டில் பிறந்தவள். நாலு வயதில் எங்களோடு விமானம் ஏறி, இதே மாநிலத்து இர்விங்கில் ஒரு அபார்ட்மென்டில் வந்து இறங்கினாள். சின்னவன் கவின் இங்கேயே பிறந்தான். ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டாலும் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மாதிரி காகிதம். கவின் இந்த நாட்டுக் குடிமகன். சுமதிக்கு வேலை விசா. எனக்கும் தாரணிக்கும் அந்த விசாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிற விசா. கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறோம். நம் நாட்டவர் வரிசை எவ்வளவு நீளம் என்று உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள், பெருமூச்சு விடுவார்கள். அந்த வரிசையில் ஒரு விதி உண்டு. பிள்ளைக்கு இருபத்தோரு வயது ஆகிவிட்டால் அம்மா விசாவில் ஒட்டியிருக்க முடியாது. அதற்குள் கிரீன் கார்டு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அந்தப் பிள்ளை தனியாக வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வண்டி வாங்கியதும் இந்த வரிசையால்தான். விசா புதுப்பிக்க இந்தியா போன ஒரு நண்பர், முத்திரை கிடைக்காமல் மாதக்கணக்கில் சென்னையில் மாட்டிக்கொண்டார். இங்கே அவர் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு சுமதிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "இந்த வருஷம் வேண்டாமுங்க, அடுத்த வருஷம் போலாம்" என்றாள். அடுத்த வருஷமும் அதையே சொன்னாள். உங்களில் பாதிப் பேர் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் மாம்பழமும் மருதாணியுமாகத் திரும்பி வந்தபோது, என் பிள்ளைகள் மட்டும் வீட்டிலேயே இருந்தார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் ஒருவர் விற்ற பழைய டிரெய்லரை வாங்கினேன். கடல் தாண்ட முடியாவிட்டால் என்ன, தரை இருக்கிறதே என்று நினைத்தேன். அதிலிருந்து கோடைதோறும் மலை, பாலைவனம், ஏரி என்று ஒரு பக்கம் போய்விட்டு வருவோம்.

நாங்கள் போனால் எங்களோடு நாலைந்து குடும்பம் காரில் வரும். அங்கேதான் வினை. டிரெய்லர் கொண்டுபோகிறவன் நான் ஒருவன்தான் என்பதால், புறப்படும் நாள் காலையில் ஆளுக்கொரு மூட்டையோடு வாசலில் நிற்பார்கள். "அண்ணா, இந்த ஒரு அரிசி மூட்டை மட்டும்" என்பார் ஒருவர். "அங்கிள், தண்ணி கேஸ் ரெண்டே ரெண்டு" என்று இன்னொரு வீட்டுப் பையன் வருவான். இட்லிக் கொப்பரை, சாம்பார் அண்டா, இரட்டை அடுப்பு, நாற்காலிகள், தேங்காய் மூட்டை என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எங்கள் பங்குக்கு வெட் கிரைண்டர். ஆமாம், கல்லோடுதான். காட்டுக்குள் கூடாரம் போட்டுச் சுடச்சுட இட்லி சாப்பிட வேண்டும் என்றால் மாவை அங்கேயே ஆட்டுவதுதான் நல்லது என்பது சுமதியின் கட்சி. வேண்டாம் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. லாரி ஊரில் பிறந்தவனுக்கு லோடை வேண்டாம் என்று சொல்ல நாக்கு வராது.

இரண்டு மூன்று வருடத்தில் வண்டியின் பின்பக்கம் தணிந்துவிட்டது. எனக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. சங்ககிரியில் லாரி தணிந்தால் என்ன செய்வோம் தெரியுமா? சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அதற்குக் கமான் பட்டை என்று பெயர். வண்டி தணிந்தால் இன்னொரு பட்டையைச் சேர்த்து இறுக்கிவிடுவோம். லாரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும். முதலாளி இன்னும் பத்து மூட்டை ஏற்றுவார். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் நாலு சக்கரத்துக்கும் ஆளுக்கொரு பட்டை சேர்த்துவிட்டேன். வண்டி நிமிர்ந்தது. நண்பர்கள் வியந்தார்கள். "அண்ணன் இருக்கறப்ப மெக்கானிக் எதுக்கு?" என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தெரிந்த வேலை ஒன்று பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

இந்த வருடம் தாரணிக்கு இருபத்தோரு வயது. கிரீன் கார்டு வரவில்லை. இங்கேயே மாணவர் விசாவுக்கு மாறலாமா என்று வக்கீலிடம் பேசிப் பேசிப் பார்த்தோம். கடைசியில் தாரணியே தனக்கு ஒரு வழி தேடிக்கொண்டாள். கனடாவில் டொராண்டோ பக்கம் ஒரு கல்லூரியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. படித்து முடித்தால் அங்கேயே நிரந்தரமாக இருக்க வழி உண்டாம். செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது. அவளைக் கொண்டுபோய் விட எங்களால் கனடாவுக்குள் போக முடியாது. போகலாம், ஆனால் சிக்கலில்லாமல் திரும்பி வரலாம் என்பதற்கு உறுதி இல்லை. இந்த நேரத்தில் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஹூஸ்டனில் விமானம் ஏற்றிவிடலாம் என்றாள் சுமதி. "ரெண்டு பெட்டி. அஞ்சு மணி நேரம். அவளுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

தாரணி தட்டைப் பார்த்துக்கொண்டே, "கேன் வி டேக் த வண்டி?" என்றாள்.

"எங்க கண்ணு?"

"பார்டர் வரைக்கும். நயாகரா. அங்க பிரிட்ஜ் இருக்கு, வாக் பண்ணிக் கிராஸ் பண்ணலாம். கவின் கேன் கம் வித் மீ, ஹி ஹேஸ் த பாஸ்போர்ட்."

"அஞ்சு நாள் ரோட்டுல போகணும்டி" என்றாள் சுமதி. "அஞ்சு நாளும் உன்ற மூஞ்சியப் பாத்து அழுதுட்டே வரச் சொல்றயா?"

"நீங்க அழுங்கம்மா. நான் ஸ்நாக்ஸ் சாப்பிடறேன்."

கவின் சிரித்துவிட்டான். சுமதி அவனை முறைத்தாள். நான், வண்டி ரெடியாக இருந்தால் போகலாம் என்றேன். இனி ஒரு பயணம்தான் பாக்கி என்பது மேசையில் இருந்த நாலு பேருக்கும் தெரியும்.

மறுநாள் வண்டியைப் பார்க்கப் போனபோதுதான் டயர்களைக் குனிந்து பார்த்தேன். வெளிப்பக்கம் எல்லாம் நன்றாக இருந்தது. உள்பக்கம் கையை விட்டுத் தடவினால் வழுவழுவென்று இருந்தது. நாலும் அப்படியே. டயரின் மேல்முகத்தில் கட்டம் கட்டமாக இருக்குமே, அதை எங்கள் ஊரில் பட்டன் என்பார்கள். வெளியே பட்டன் இருக்கிறது, உள்ளே இல்லை. ஒரு டயர் தேய்ந்தால் டயரில் குறை. நாலும் ஒரே பக்கம் தேய்ந்தால் குறை வேறு எங்கோ இருக்கிறது.

பக்கத்து ஊரான ஆல்வினுக்குப் போகும் சாலையில் டிரெய்லர் பழுதுபார்க்கும் இடம் ஒன்று உண்டு. நடத்துகிறவர் டோனா என்கிற அம்மாள், என் வயதுதான் இருக்கும். வண்டிக்கு அடியில் பலகையில் படுத்துக்கொண்டு உள்ளே சறுக்கிப் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வெளியே வந்ததும், இதில் என்ன பாரம் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டார்.

"நோ லோடு. ஒன்லி ஃபுட்" என்றேன்.

"எத்தனை பேருக்கு?"

"ஃபேமிலி" என்றேன். நாலைந்து குடும்பத்தைத்தான் சொன்னேன். நாலு பேர் என்று அவர் புரிந்துகொண்டார். நாலு பேரின் சாப்பாடு வண்டிக்கு அடியில் இருக்கிற இரும்புக் குழாயை எப்படி வளைக்கும் என்று புரியாமல் என்னையே பார்த்தார். கதவைத் திறந்து காட்டினேன். கிரைண்டரைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தவர், பாதியிலேயே கையை எடுத்துவிட்டார். இது என்ன என்றார். மாவு ஆட்டுவதற்கு என்றேன். "கல்லாலா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு என்னைக் கூப்பிட்டுக் கீழே காட்டினார். இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற குழாய்தான் அச்சு, ஆக்ஸில். அதை நடுவில் லேசாக மேல்நோக்கி வளைத்துத்தான் செய்திருப்பார்களாம். பாரம் ஏறும்போது அது நேராகி, சக்கரம் நிமிர்ந்து நிற்கும். எங்களுடையது நேரையும் தாண்டிக் கீழே தொய்ந்துவிட்டது. அதனால் சக்கரங்கள் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு ஓடி, உள்பக்கமே தேய்ந்திருக்கின்றன. இரண்டு அச்சுமே போய்விட்டது. நிமிர்த்துவதில் பயனில்லை, மாற்ற வேண்டும் என்றார். அப்புறம், நான் சேர்த்த பட்டையைக் கையால் தட்டி, இதைப் போட்டது யார் என்று கேட்டார்.

"நான்தான். வண்டி தணிந்திருந்தது" என்றேன்.

குற்றம் சொல்கிற மாதிரி அவர் பேசவில்லை. "நீங்கள் ஸ்பிரிங்கைப் பலமாக்கினீர்கள். அச்சு பழைய அச்சுதானே. ஸ்பிரிங் தாங்காததை அது தாங்கியிருக்கிறது" என்றார்.

எங்கள் ஊர் லாரிகளுக்கு அச்சு யானைக் கால் மாதிரி இருக்கும். பட்டை சேர்த்தால் அது பாட்டுக்குத் தாங்கும். இந்த வண்டியின் அச்சு அளவெடுத்துச் செய்தது, ஒரு பிடி அதிகம் என்றாலும் கணக்கில் வரும். அது எனக்குத் தோன்றவே இல்லை. புது அச்சுக்கு டோனா அளவெடுத்தார். ஒரு படி பலமானதாகப் போடலாம், ஆனால் அதற்காக வண்டியின் உடம்பு தாங்குகிற அளவு கூடிவிடாது, கல்லை வீட்டில் வையுங்கள் என்றார். அச்சு வர ஆறு வாரம் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். தாரணி போக வேண்டிய நாளுக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு. வீட்டுக்கு வந்து சொன்னபோது சுமதி, "எதுக்கும் ஃபிளைட் டிக்கெட் ஒண்ணு போட்டு வெச்சரலாமுங்க" என்றாள். போட்டும் வைத்தாள். தாரணி எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

அச்சு வருகிற வரைக்கும் டயர் தேடினோம். தாரணியும் கூட வந்தாள். முதலில் நான் காட்டியது லாரி டயர் போலத் தடித்த பட்டன் வைத்த பிக்கப் டயர்களை. அது வேண்டாம் என்று டோனா முன்பே சொல்லியிருந்தார். இரண்டு அச்சு உள்ள வண்டி திரும்பும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபடும். அதைத் தாங்க, பக்கச்சுவர் விறைப்பான டிரெய்லர் டயர் என்றே தனியாக இருக்கிறது. அதன்மேல் பாரத்துக்கு ஓர் எழுத்து போட்டிருக்கும். எங்கள் அச்சுக்கு என்ன எழுத்து வேண்டும் என்று தாரணி கையில் எழுதிக்கொண்டாள். பிறகு ஒருவர் விளம்பரத்தில் போட்டிருந்த நாலு டயரைப் பார்க்கப் போனோம். சாலையைத் தொட்டதே இல்லை, புத்தம் புதிது என்றார். உண்மைதான். பட்டன் முழுசாக இருந்தது. தடவிப் பார்த்து எனக்கு ஆசையாகிவிட்டது. எழுத்தும் சரியாக இருந்தது.

தாரணி போன் வெளிச்சத்தைக் காட்டி டயரின் பக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் படித்தாள். ஓரிடத்தில் நின்றாள். நாலு இலக்க எண் ஒன்று இருந்தது. டயர் செய்யப்பட்ட வாரமும் வருடமும் அதில் உண்டு.

"அப்பா, திஸ் இஸ் சிக்ஸ் இயர்ஸ் ஓல்ட்."

"ஓடவே இல்லயே கண்ணு. பட்டன் பாரு, எப்படி நிக்குதுன்னு."

"ஓடாட்டியும் ஏஜ் ஆகும்பா. டோனா சொன்னாங்கல்ல, ரப்பர் சும்மா நின்னாலும் உள்ள கிராக் ஆகும்." கொஞ்ச நேரம் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டயரை இரண்டு விரலால் கிள்ளி, "ஏஜ்டு அவுட். சேம் பின்ச்" என்றாள். இருபத்தோரு வயது தாண்டி விசாவிலிருந்து கழன்றுவிடுகிற பிள்ளைகளுக்கு வக்கீல் சொல்கிற வார்த்தை அது.

விற்பவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் சிரித்தார். நான் தலையைக் குனிந்து காற்றுக் குழாயைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த டயரை வாங்கவில்லை. வேறு கடையில், இந்த வருடம் செய்த டயர்களாகக் கேட்டு நாலு வாங்கினோம். நாலு எண்களையும் அவளே படித்துச் சரிபார்த்தாள். இந்த டயர் எத்தனை வருஷத்துக்கு வரும் என்று கடைக்காரரைக் கேட்டாள். ஐந்து, கவனமாக இருந்தால் ஆறு என்றார். "குட்" என்றாள். அந்த வருஷங்களில் அந்த வண்டியில் யார் போகப் போகிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வண்டியை டோனாவிடம் விடுவதற்கு முன் காலி செய்ய வேண்டியிருந்தது. நானும் தாரணியும்தான் செய்தோம். கட்டிலுக்கு அடியில் பழைய நிலப்படங்கள், ஒற்றைச் செருப்பு, கவினின் பொம்மை லாரி எல்லாம் கிடைத்தன. ஒரு பையில் அவளுடைய பள்ளிக்கூட ஸ்பானிஷ் புத்தகம் இருந்தது. புரட்டிக்கொண்டே சும்மா சொல்கிற மாதிரி சொன்னாள். பத்தாம் வகுப்பில் ஸ்பானிஷ் கிளாஸ் மொத்தமும் மெக்சிகோ போனார்களாம்.

"எங்ககிட்ட நீ சொல்லவே இல்லயே."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? போனா திரும்பி வர முடியாது. அம்மா த்ரீ டேஸ் அழுதிருப்பாங்க. ஸோ, எனக்கு பீச் பிடிக்காது, ஐ ஹேட் சேண்ட்னு ஃபிரெண்ட்ஸ்கிட்ட சொல்லிட்டேன்." சிரித்தாள். "அப்புறம் எல்லாருமே நம்பிட்டாங்க. பர்த்டேக்கு யாரும் என்னை பீச்சுக்குக் கூப்பிடறதே இல்ல."

நான் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். இன்னும் எத்தனை இப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பிள்ளைகளே, இத்தனை வருடமும் பாரத்தை நானும் சுமதியும் தாங்குவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். விசாவைப் புதுப்பித்தோம், வக்கீலைப் பார்த்தோம், அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டோம். தணிகிற போதெல்லாம் ஒரு பட்டை சேர்த்து நிமிர்ந்து நின்றோம். பாரம் குறையவில்லை, சத்தம் போடாமல் இருந்த ஒருத்திமேல் போய் இறங்கியது. அவள் நிமிர்ந்து நடப்பதாகத்தான் வெளியிலிருந்து பார்த்தால் தெரிந்தது. உள்பக்கம் கைவிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டிலும் அக்காவோ அண்ணனோ இருந்தால், பீச் பிடிக்காது என்று சொல்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். நீங்களே அந்த அக்காவாக இருந்தால், அம்மா மூன்று நாள் அழட்டும், பரவாயில்லை. சொல்லிவிடுங்கள்.

அச்சு எட்டு வாரமும் கடந்துதான் வந்தது. விமான டிக்கெட்டை ரத்து செய்யக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது டோனா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கறுப்பு வர்ணம் பூசின இரண்டு அச்சும் மாட்டி, புது டயர் போட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார். நான் சேர்த்த பட்டைகளைக் கழற்றித் தனியாக ஒரு அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருந்தார். சுமதி பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தாள். ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஒன்று வைத்துக் குங்குமம் வைத்தாள். டோனா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "ஹனி, அது வண்டியை நிறுத்தாது. கட்டைதான் நிறுத்தும்" என்றார்.

"நிறுத்தறதுக்கு இல்ல, போறதுக்கு" என்று சுமதி தமிழிலேயே சொன்னாள். தாரணி இங்கிலீஷில் சொன்னதும், டோனா தானே குனிந்து கட்டைகளை உருவினார். பழங்கள் நசுங்கின வாசனை பட்டறை முழுக்க வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் சுமதி போனை எடுத்து டிக்கெட்டை ரத்து செய்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் புறப்பட்டோம். வழக்கம்போல இரண்டு வீட்டிலிருந்து கூப்பிட்டு, அண்ணா எப்ப கிளம்பறீங்க, நாங்களும் பின்னாலேயே வரட்டுமா என்றார்கள். நாங்க மட்டும்தான் போறோம் என்று முதல் தடவையாகச் சொன்னேன். கிரைண்டர் வீட்டிலேயே இருந்தது. தாரணியின் துணிப்பெட்டி இரண்டு, புத்தகம் ஒரு பெட்டி, தலையணை ஒன்று. டிரக் ஸ்டாப் எடை மேடையில் வண்டியை ஏற்றிப் பார்த்தோம். தாங்கக்கூடிய எடைக்கு ரொம்பக் கீழே இருந்தது. அவள் இந்த நாட்டில் வளர்ந்த வளர்ப்பு மொத்தத்தையும் ஏற்றியும் நாங்கள் காட்டுக்குள் கொண்டுபோகிற இட்லியின் எடைகூட வரவில்லை.

புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகளைக் கொஞ்ச தூரம் ஓடினதும் மறுபடி இறுக்க வேண்டும். தாரணிதான் இறுக்கினாள். நிற்கிற இடத்திலெல்லாம் நான் சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடு ஏறினால் உள்ளே ஏதோ உரசுகிறது என்று அர்த்தம். "காய்ச்சல் இருக்காப்பா?" என்று அவள் ஜன்னல் வழியாகக் கேட்பாள். "இல்ல சாமி" என்பேன். நாலு சக்கரமும் ஒரே மாதிரி, உடம்புச் சூடுதான். வண்டி இதற்கு முன் இவ்வளவு நேராக என் பின்னால் வந்ததே இல்லை. ஸ்டீயரிங்கில் ஒரு இழுப்பு இல்லை, கண்ணாடியில் ஒரு ஆட்டம் இல்லை. இப்படி ஓடுகிற வண்டியில் அல்லவா இத்தனை கோடையும் போயிருக்க வேண்டும் என்று அர்கன்சாவிலும் டென்னசியிலும் ஒஹையோவிலும் அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். சுமதி அழவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் தாரணிக்கு ரசம் வைப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தாரணி அதை போனில் பதிவு செய்தாள். ஒரே ரசத்தை மூன்று மாநிலத்தில் மூன்று விதமாகச் சொல்கிறாயே என்று கவின் இங்கிலீஷில் கேட்டதற்கு, "வாய மூடுடா, அவளுக்குப் புரியும்" என்றாள்.

நயாகராவில் வண்டியை ஒரு கேம்ப் கிரவுண்டில் நிறுத்திவிட்டு, பிக்கப்பில் பாலத்தடிக்குப் போனோம். அந்தப் பக்கத்தில் தாரணியோடு தங்கப் போகிற பெண் கார் கொண்டுவந்து காத்திருந்தாள். கவினுக்குப் பதினாறு வயது. பாஸ்போர்ட்டும், நாங்கள் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதமும் வைத்திருந்தான். பெரிய பெட்டியை அவன் இழுத்துக்கொண்டான். தாரணி எங்கள் இருவர் காலையும் தொட்டாள். நடைபாதையில் போகிறவர்கள் ஏதோ கீழே விழுந்துவிட்டது, தேடுகிறாள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். "போயிட்டு வரேன்பா" என்றாள். போகிறேன் என்று சொல்லக்கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. இரண்டு பேரும் உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் பாலத்தின் மேல் தெரிந்தார்கள்.

நானும் சுமதியும் ஆற்றங்கரைப் பூங்காவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாலம் உயரத்தில் இருந்தது. இரண்டு சிறிய உருவங்கள் பெட்டியோடு நகர்வது மட்டும் தெரிந்தது. நடுவில், எல்லைக்கோடு இருக்கும் இடத்தில், நின்றன. பிறகு அதையும் தாண்டிப் போயின. அந்த நேரத்தில் என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

"தாரணியாங்க? போய்ச் சேர்ந்துட்டாளாமா?" என்று சுமதி என் கையைப் பிடித்தாள்.

எடுத்துப் பார்த்தேன். தாரணி இல்லை, போன் கம்பெனி. கனடாவுக்கு உங்களை வரவேற்கிறோம் என்று இருந்தது. அந்தக் கரையின் செல்போன் கோபுரத்தை எங்கள் போன் பிடித்திருக்கிறது. சுமதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். அவளுடைய போனுக்கும் அதே செய்தி வந்திருந்தது. கொஞ்சம் பின்னால் மர நிழலுக்கு நகர்ந்து பார்த்தோம். போன் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டது. மறுபடி கம்பியோரம் வந்தோம். சிறிது நேரத்தில் கனடா என்று வந்தது.

"இங்கயே நில்லுங்க" என்றாள் சுமதி.

வெயில் முகத்தில் அடித்தது. பாலத்தின் மேல் கவின் ஒருவனாகக் கைவீசிக்கொண்டு திரும்பி வருவது தெரிகிற வரைக்கும், இரண்டு பேரும் ஆளுக்கொரு போனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.